“சொந்த ஊர் எது?”: அன்றாடப் பேச்சில் சாதி வேலை செய்யும் விதம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் வண்ணக் கைக்கயிறு கட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது, பள்ளிப் பெயர்ப் பலகைகளில் சாதிப் பெயர் கூடாது என்று பரிந்துரைகள் நீண்டன.

அரிவாள் வெட்டை விசாரிக்கப் போட்ட குழு, கயிற்றையும் பதிவேட்டையும் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறது என்று பலர் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஒரு வகுப்பில் யார் எந்தச் சாதி என்பது தெரியாதவரை, சாதி பார்த்து யாரையும் ஒதுக்கவோ அடிக்கவோ முடியாது. அந்தத் தகவல் எப்படி வகுப்புக்குள் வருகிறது, வந்தபின் யாரை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் அந்தப் பரிந்துரைகள் புரியும். அதற்கு இரண்டு கருத்துகள் தெரிந்திருக்க வேண்டும்.

நுண் அவமதிப்பு, அனுகூலம்

ஆங்கிலத்தில் மைக்ரோ அக்ரஷன் என்று சொல்லப்படுவதை இங்கே நுண் அவமதிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஹார்வர்டில் பணியாற்றிய கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் இதை முதலில் பெயரிட்டு எழுதினார். 2007இல் உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவருடைய சகாக்களும் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நம்மூர் உதாரணங்களோடு:

1. தெரிந்தே செய்வது. டீக்கடையில் சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குப் பேப்பர் கப். இரட்டைக் குவளை சட்டப்படி குற்றம் என்று ஆனபின், பல கடைகளில் அது இப்படி உருமாறியது. கேட்டால் “சுத்தத்துக்காக” என்று பதில் தயாராக இருக்கும்.

2. பாராட்டு மாதிரி வருவது. “உன்னைப் பார்த்தா எஸ்.சி.ன்னு சொல்லவே முடியாது.” சொல்பவர் மனதார நல்லது சொன்னதாகவே நினைக்கிறார். எஸ்.சி. என்றால் எப்படி இருப்பார்கள் என்று அவர் மனதில் ஒரு படம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

3. நடந்ததை இல்லையென்பது. “இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறா?” என்பது இந்த வகை. பெரும்பாலும் சாதி பார்க்கப்படாத இடத்தில் இருப்பவர்தான் இதைச் சொல்வார்.

இதன் மறுபக்கம்தான் பிரிவிலேஜ் எனப்படும் சமூக அனுகூலம். அனுகூலம் என்றதும் கையில் இருக்கும் காசு, நிலம், பதவி ஆகியவைதான் நினைவுக்கு வரும். அவை அதில் ஒரு பகுதி மட்டுமே. நமக்கு நேராமலே போனவைதான் பெரும்பகுதி. வீடு பார்க்கப் போகும்போது உரிமையாளர் ஊர் கேட்டால் வயிற்றில் கலக்கம் வராமல் இருப்பது அனுகூலம். புது நண்பரின் வீட்டில் தண்ணீர் கேட்கத் தயங்காமல் இருப்பதும் அப்படித்தான். நடக்காத ஒன்றை யாரும் எண்ணி வைப்பதில்லை. அதனால்தான் இருப்பவருக்கு இது தெரிவதே இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

இங்கே அமெரிக்க நிறவெறிக்கும் சாதிக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று இரண்டாக நிற்காமல், படி படியாக இறங்குகிறது. அக்ரகாரத்தில் அவமானப்பட்டவரின் பேரன், காலனியில் இருந்து வருபவரை அதே வார்த்தையால் அவமானப்படுத்த முடியும். “எங்களையும்தான் ஒடுக்கினாங்க” என்பது உண்மையாகவும் இருக்கும். அவர் இன்னொருவரை ஒடுக்குவதற்கு அது தடையாகவும் இருக்காது.

பெயரில் இல்லாத சாதியைக் கண்டுபிடிப்பது

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடும் தீர்மானம் நிறைவேறியது. இன்று தமிழ்நாட்டில் பெயரும் இனிஷியலும் மட்டுமே வழக்கம். வட மாநிலங்களில் குடும்பப் பெயரைக் கேட்டாலே முடிந்துவிடும் வேலைக்கு, இங்கே நாலைந்து கேள்விகள் தேவைப்படுகின்றன. அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு.

“சொந்த ஊர் எது?” முதலில் வரும். ஊரைச் சொன்னால் “ஊர்ல எந்தப் பக்கம்?” பல ஊர்களில் தெருவைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். தெருப் பெயர் பிடிபடாவிட்டால் “அப்பா என்ன பண்றாங்க, தாத்தா என்ன பண்ணாங்க?” என்று ஒரு தலைமுறை பின்னால் போவார்கள். அதற்கடுத்து “குலதெய்வம் எது?” கோயில் பெயரைக் கொண்டு சாதியைச் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதுவும் சரிப்படாதபோது நேரடியாகவே வரும்: “தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” அந்த “தப்பா நினைக்காதீங்க” எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

“காலனி” என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வசவாகவும் தீண்டாமைக் குறியீடாகவும் அந்தச் சொல் ஆகிவிட்டது என்று காரணம் காட்டி, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஊர் கேட்பதே குற்றமா? இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் ஊர் கேட்பது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் போதும்:

1. இந்தக் கேள்வி எல்லாருக்கும் வருகிறதா, சிலருக்கு மட்டுமா?
2. பதிலுக்குப் பின் ஏதாவது மாறுகிறதா? வாடகை, டம்ளர், குரல், “ங்க” போட்ட மரியாதை?
3. ஊர் சொன்னபின்னும் கேள்வி நிற்காமல் தெருவுக்குள் இறங்குகிறதா?

முதல் சோதனைதான் மூன்றிலும் வலுவானது. கேட்டவரின் நோக்கம் என்ன என்ற விவாதம் ஒருநாளும் முடியாது. அவர் மனதுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. யாருக்கு மட்டும் கேள்வி வருகிறது என்பதை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம்.

வாடகை வீடு

எல்லாரும் படியேற வேண்டிய இடம் என்பதால் இதை விரிவாகப் பார்க்கலாம். “டு-லெட்” பலகையில் “சைவம் மட்டும்” என்று எழுதியிருப்பது சென்னையில் சகஜம். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை என்ற கணக்கெடுப்பில் 2014இல் திரட்டிய தகவலின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சைவம் சாப்பிடுபவர்கள் 2.35 சதவீதம். நூறில் 97 பேருக்கு மேல் அந்தப் பலகையிலேயே கழிந்துவிடுகிறார்கள். மீன் வாசனை பிடிக்காத உரிமையாளர் உண்மையிலேயே இருக்கலாம். ஆனால் அசைவம் சமைக்க மாட்டேன் என்று உறுதி சொல்பவரையும் “பரவால்லைங்க, வேற இடம் பாருங்க” என்று அனுப்பும்போது, பிரச்சினை வாசனை இல்லை என்பது தெளிவு.

பலகை இல்லாத வீடுகளில் நடப்பது இன்னும் நுட்பமானது. போனில் வீடு காலி. நேரில் போய் ஊர், தெரு சொன்னபின் “தம்பி ஃபாரின்லேருந்து வர்றானாம்”. ஒரு வீட்டில் இப்படி நடந்தால் அது தற்செயல். ஏழு வீட்டில் நடந்தால் என்ன சொல்வது? ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியாக ஒரு நல்ல காரணம் இருக்கும். அதனால் எதையும் நிரூபிக்கவும் முடியாது. நுண் அவமதிப்பின் பலமே இந்த மறுக்கத்தக்க தன்மைதான்: சொன்னவர் எப்போதும் தப்பிக்கலாம், கேட்டவர் எப்போதும் “ஓவரா யோசிக்கிறவர்” ஆகிவிடுவார்.

தனி ஒருவர் நிரூபிக்க முடியாததை ஆய்வாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். பொருளியலாளர் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான வாடகை விசாரணைகள் வெவ்வேறு சமூகப் பெயர்களில் போயின. தொலைபேசியில் கேட்டவர்களில் உயர்சாதிப் பெயருக்கு மறுப்பே வரவில்லை. தலித் பெயருக்கு 18 சதவீதம், முஸ்லிம் பெயருக்கு 31 சதவீதம் மறுப்பு. வேலைக்கும் இதே கதைதான். தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

வகுப்பறையும் கட் ஆஃபும்

உதவித்தொகை விண்ணப்பம் வந்த அன்று காலை, முதல் பாடவேளை. ஆசிரியர் கையில் ஒரு தாள். “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், நாளைக்குள்ள கொண்டு வரணும்.” ஐம்பது பேரில் ஒன்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். ஆசிரியருக்கு வேலை முடிந்தது. அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. மீதி நாற்பத்தொரு பேருக்கும் அதுவரை தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது. மூன்று வருடம் அந்த வகுப்பில் இருக்கப்போகிறவர்களுக்கு அதை இனி மறக்கவும் முடியாது.

இதனால் என்ன குறைந்துவிடும் என்பதற்குப் பதில் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் 6, 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய சோதனை 2006இல் வெளியானது. உயர்சாதி மாணவர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் 321 பேர். காகிதத்தில் வழிதேடும் புதிர்களைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாமல் வைத்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். பெயரோடு சாதியைச் சத்தமாகப் படித்தபின் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், புதிர் அதே புதிர். மாறியது அந்த அறிவிப்பு ஒன்றுதான். வருகைப் பதிவேட்டைப் பற்றிய பரிந்துரையை இதோடு வைத்துப் பாருங்கள்.

கல்லூரியில் இதே வேலையை “உன் கட் ஆஃப் எவ்வளவு?” என்ற கேள்வி செய்கிறது. மதிப்பெண்ணைச் சொன்னால் இட ஒதுக்கீட்டுப் பிரிவைக் கணக்குப் போட்டுவிடலாம். 2023 ஜூலையில் பம்பாய் ஐஐடி வெளியிட்ட வழிகாட்டு நெறியில், சக மாணவரிடம் ஜேஇஇ தரவரிசையையோ சேர்க்கைப் பிரிவையோ கேட்பது முறையற்றது என்று சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே ஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1. நூறு இடத்தில் 50 இடம் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு. ஆனால் “கோட்டால வந்தவன்” என்ற விரல் அந்த 50 பேர் பக்கம் ஒருபோதும் நீள்வதில்லை. சரியாக அந்த 19 பேரைத்தான் காட்டும். காட்டும் விரலே பல சமயம் அந்த 50இல் ஒருவருடையதாக இருக்கும். “கோட்டா டாக்டர்” என்ற பேச்சும் அப்படியே. சேரும்போது கட் ஆஃப் வேறு; எம்.பி.பி.எஸ். தேறுவதற்கு வேண்டிய 50 சதவீதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வழக்கமாக வரும் மறுப்புகள்

“நானும் ஏழைதான், எனக்கென்ன அனுகூலம்?” ஏழை என்பதால் அவருக்கு வீடு கிடைக்காமல் போகலாம், உண்மை. வாடகையைச் சேர்த்துக் கொடுத்தால் கிடைத்துவிடும். சாதியால் மறுக்கப்பட்டவர் மூன்று மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டும் படியிறங்குவார். இரண்டும் தனித்தனிக் கஷ்டங்கள். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் வரும்.

“எல்லாத்தையும் குத்தம்னா பேசவே முடியாதே.” இதை ஒதுக்கித் தள்ள முடியாது. உளவியலாளர் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் 2017இல் இந்தக் கருத்தாக்கத்தையே கடுமையாக விமர்சித்தார். வரையறை தளர்வாக இருக்கிறது, பாதிக்கப்பட்டதாகச் சொல்பவரின் உணர்வை மட்டுமே ஆதாரமாகக் கொள்கிறது, இதை வைத்து நிறுவனங்கள் பயிற்சி நடத்துவதை நிறுத்தி வைக்கலாம் என்பது அவர் வாதம். இரண்டு மணி நேர ஸ்லைடு காட்டி முடிக்கும் கார்ப்பரேட் பயிற்சிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வதில் நியாயம் தெரியும். ஆனால் சாதியில் நாம் உணர்வை மட்டும் நம்பி இல்லை. பெயர் மாற்றி அனுப்பிய விண்ணப்பங்கள் இருக்கின்றன. 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில், ஏறக்குறைய 27 சதவீதக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதைத் தாங்களே ஒப்புக்கொண்டன. மறைத்தவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

சட்டம் எட்டும் இடம், எட்டாத இடம்

அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், அன்றாட அவமதிப்புக்கு நெருக்கமானவை இரண்டு: 3(1)(ஆர்) இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பது, 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இரண்டுமே “பொதுமக்கள் பார்வையில்” நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன.

வீட்டு வாசல் கேட் அருகே திட்டியதைப் பொதுப் பார்வை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நாலு சுவருக்குள் வெளியார் இல்லாதபோது திட்டியது வராது என்று 2020இல் சொன்னது. லால்குடியில் வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகப் பதிவான வழக்கை, 2025 ஜனவரி 31 அன்று இதே காரணத்துக்காக ரத்து செய்தது. உடன் பணிபுரிபவர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

ஆகவே புகார் கொடுப்பவர் முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டியவை: தேதி, நேரம், சரியான இடம் (அறைக்குள்ளா, வாசலிலா, கதவு திறந்திருந்ததா), சொன்ன வார்த்தை அப்படியே, அந்த நேரத்தில் அங்கிருந்த வெளியாட்களின் பெயர். “சாதி சொல்லித் திட்டினார்” என்று பொதுவாக எழுதிய புகார் நிற்காது. 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போடுமுன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தேசிய உதவி எண் 14566.

“தம்பி ஃபாரின்லேருந்து வர்றான்” என்பதை இந்தச் சட்டம் தொடாது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு, முன்பணம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று பேசவில்லை.

நடைமுறையில் மாற்றக்கூடியவை

சட்டம் எட்டாத இடத்தில் மனமாற்றத்துக்குக் காத்திருப்பதைவிட, தகவல் வெளியே கசியும் ஓட்டைகளை அடைப்பது சுலபம்.

1. பள்ளியில்: சாதி விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலை அலுவலகமே எடுத்து, பெற்றோரைத் தனித்தனியாக அழைத்தால் போதும். வகுப்பில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. உட்காரும் வரிசை அகர வரிசையில். கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 2019இலேயே இதற்குச் சுற்றறிக்கை போய், எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் விழுந்தது. கயிற்றை மட்டும் தடுத்தால் அடையாளம் சைக்கிள் பெயின்டுக்கும் வாட்ஸ்அப் முகப்புப் படத்துக்கும் நகர்ந்துவிடும்.

2. அலுவலகத்தில்: நேர்காணலுக்கு முன் வடிகட்டும் சுற்றில் பெயர், ஊர், தந்தை பெயர், பள்ளிப் பெயர் ஆகியவற்றை மறைத்துவிடலாம். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். “குடும்பப் பின்னணி பத்திச் சொல்லுங்க” என்ற கேள்வியை எடுத்துவிட்டால் எந்த வேலைக்கும் நஷ்டமில்லை.

3. கூட இருப்பவர்: யாரோ யாரையோ தெரு வரை துருவும்போது பிரசங்கம் செய்தால் கேட்டவர் கோபப்படுவார், கேட்கப்பட்டவர் இன்னும் சங்கடப்படுவார். “எதுக்குக் கேக்குறீங்க?” என்று சாதாரணக் குரலில் கேட்டாலே போதும். சொல்லக்கூடிய காரணம் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் “சும்மாதான்” என்று பேச்சை மாற்றுவார்.

4. சொல்லிவிட்டவர்: “நான் அந்த அர்த்தத்துல சொல்லல” என்று விளக்க ஆரம்பித்தால், கேட்டவர் இப்போது சொன்னவரைத் தேற்ற வேண்டியிருக்கும். “தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. “எனக்கு எஸ்.சி. ஃபிரெண்ட்ஸ் நிறைய இருக்காங்க” என்று சேர்ப்பவர்கள் தங்கள் நண்பர்களைச் சாதிவாரியாக எண்ணி வைத்திருப்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்கள்.